உப்புப் போட்ட வைக்கோல்

"வைக்கப்போர் போட்டவ செத்தா போயிட்டா? அத மட்டும் சொல்லு பாய், நான் வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"தங்கச்சி, நான் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்குங்க."

"தங்கச்சிங்காத. தங்கச்சி வீட்டு மாட்டு வாயிலேருந்து உருவிக்கிட்டுப் போறவன் அண்ணனா?"

"களத்துல கிடக்கிறது பூரா என் வயல் வைக்கல்தான், அள்ளிக்கன்னு தஞ்சாவூர்க்காரரு சொன்னாரு. அவருகிட்ட பேசித்தான் எடுத்தேன். திருடல."

"தஞ்சாவூர்க்காரரு வந்து போர் போட்டாரா? வைக்கல் சொணை அவரு கழுத்துல அரிச்சுதா? சட்டையக் கழட்டச் சொல்லு, பாப்போம்."

அம்சம் கம்பெனி வேனிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தாள். ஒரு கையில் எலுமிச்சை சாதப் பொட்டலம். இன்னொரு கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு புங்கங்கன்று. சத்தம் களத்துப் பக்கமிருந்து வந்தது. சண்டை போடுவது பக்கத்து வீட்டுச் செந்தாமரை என்பது குரலிலேயே தெரிந்துவிட்டது. பதில் சொல்வது வைக்கோல் காண்டிராக்ட் எடுத்திருக்கும் ஜெகபர் அலி. என்ன நடந்திருக்கும் என்பதும் அந்த நொடியே தெரிந்துபோனது. கன்றை வேனின் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் ஓடினார்கள்.

களத்தில் போர்களைக் காணோம். போர் இருந்த இடங்களில் மண் வெளுத்து, ஈரமாக, வட்டம் வட்டமாகத் தெரிந்தது. எலிகள் போக இடமில்லாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடின. வைக்கோல் கட்டும் மிஷின் வேலையை முடித்துவிட்டு ஓரமாக நின்றது. கடைசி டிராக்டர் மதகைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் உருளை உருளையாக ஏறிப் போனது அம்சத்தின் மூன்று மாடுகளுக்கு அடுத்த தை வரைக்குமான சாப்பாடு.

அம்சம் சத்தம் போடவில்லை. ஜெகபர் அலியின் முன்னால் போய் நின்றாள்.

"பாய், இது வயல்ல கிடந்த வைக்கல் இல்ல. போர். போருக்கும் வயல்ல கிடக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்மா. ஆனா சொன்னாங்களே. எல்லாம் பேசியாச்சு, பொம்பளைங்களுக்கும் தெரியும், இன்னிக்கு மீட்டிங்ல சொல்லிடுவோம்னு கம்பெனியில சொன்னாங்க."

"மீட்டிங்ல மரக்கன்னு குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

ஜெகபர் அலி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். திருத்துறைப்பூண்டிக்காரர். பாதி ஆயுசை சவூதியில் ஓர் எண்ணெய் ஆலையில் கழித்துவிட்டு வந்து, கையில் இருந்ததைப் போட்டு இந்த மிஷினை வாங்கியவர். முன்னால் போன வண்டிகளெல்லாம் கம்பெனி ஆலைக்குள் போய்விட்டன என்று மட்டும் சொன்னார்.

கோட்டகச்சேரிக்கு வெளியாட்கள் வந்தால் முதலில் ஆலையைத்தான் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் வயல்களுக்கு அடியில் பெட்ரோல் எண்ணெய் கிடைத்தது என்று சின்னதாகத் தொடங்கியது. இரண்டு புகைபோக்கி, ஒரு கேட், இரவெல்லாம் எரியும் ஒரு தீ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடப்பாற்றங்கரை வரை வந்தது. அதன்பின் பழைய ஆலையை மூடிவிட்டு, அதைப்போலப் பல மடங்கு பெரிய ஆலையைக் கட்டப்போகிறோம் என்று ஊரின் கீழ்பாதி வயல்களை வாங்கினார்கள். நிலத்துக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அந்த நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்களுக்கும் கூலிக்கு நட்டவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்சத்தின் புருஷன் சிவசாமி பழைய ஆலையில் சாரம் கட்டும் வேலை பார்த்தவன். ஆலை மூடியதும் அதுவும் போனது. புதிது வந்ததும் முதல் ஆள் நீதான் என்று சொல்லி அனுப்பினார்கள். புதிது இன்னும் வந்துகொண்டே இருந்தது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு. ஆலை பச்சைக்கு மாறுகிறது. சுற்றுச்சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். கூரையெல்லாம் சோலார் தகடு. வைக்கோலைப் புளிக்க வைத்து கேஸ் எடுக்கிற பிளாண்ட் ஒன்று. அதைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கத்தான் அன்றைக்கு மீட்டிங். தெருப் பெண்களை வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். பந்தலில் கட்டியிருந்த பேனரில் ஒரு பசுமாடு சிரித்துக்கொண்டிருந்தது. ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி திருமுருகன் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"ஆலை வளருது, கூடவே ஊரும் வளருது. இனிமே எண்ணெய் மட்டும் இல்ல. விவசாயிங்க வைக்கோல எரிக்கிறதால காத்து கெட்டுப் போகுது. அந்த வைக்கோல நாங்க வாங்கி எரிசக்தி ஆக்கப்போறோம்."

அம்சம் எழுந்து நின்று கேட்டாள். "எங்க ஊர்ல வைக்கல எரிக்கிறதில்லீங்களே. மாடு தின்னுடுமே."

எல்லாரும் சிரித்தார்கள். திருமுருகனும் சிரித்தார். "ரொம்ப நல்ல கருத்தும்மா" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். மேடைக்குக் கூப்பிட்டு முதல் மரக்கன்றை அவளிடம் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அவள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில்தான் களத்தில் அவள் போரை மிஷின் இழுத்து விழுங்கியிருக்கிறது.

வைக்கோல் யாருடையது என்று ஊரில் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். அறுப்பு மிஷின் முதன்முதலில் ஊருக்குள் வந்தபோது, அறுப்பு வேலை போகிறதே என்று பெண்கள் அதன் முன்னால் வயலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் கூடிப் பேசியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மிஷின் அறுத்துக்கொள்ளட்டும், எந்த வயலை யார் நட்டார்களோ அந்த வயல் வைக்கோல் அவர்களுக்கு. அதற்குப் பதிலாக நடவுக் கூலியைக் குறைத்து வாங்கிக்கொள்வது. அன்றிலிருந்து அப்படித்தான். பெண்கள் மிஷின் போன பிறகு வைக்கோலை உலர்த்திச் சுமந்துவந்து களத்துப் புறம்போக்கில் அவரவர் போரைப் போட்டுக்கொள்வார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. பேசியது பேசியதுதான்.

இப்போது இவர்கள் நடுகிற வயல்களெல்லாம் தஞ்சாவூர்க்காரருடையவை. அவருடைய அப்பா அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தவர். மகன் தஞ்சாவூரிலேயே வளர்ந்தவர். போனில் பேசுவார், அறுப்பன்றைக்குக் காரில் வந்து வரப்பில் நிற்பார். ஆலை வைக்கோல் கேட்டதும் என் நிலம், என் வைக்கோல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குறைத்த நடவுக் கூலியை மட்டும் திரும்ப ஏற்றிக் கொடுக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் சிவசாமி அந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். அம்சம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எறங்குதா?"

"சோறு என்னா பண்ணுச்சு. சோத்து மேல எதுக்குக் கோவம்."

"மாடு நாளைக்கு எதத் திங்கும்?"

"புல்லு அறுத்துப் போடு. கொஞ்ச நாளு பாத்துக்க. திருமுருகன் சாரு இன்னிக்குக் கூப்புட்டு விட்டாரு. வாங்குற வைக்கலக் கொட்டி வைக்கிற யார்டுல கேட்டுக்கு ஆளு வேணுமாம். யூனிபாரம் தர்றாங்களாம். எம்பேரக் குறிச்சிருக்காரு."



"எந்த யார்டு? நம்ம போரு கிடக்கிற யார்டா?"

"அது யார்டு. அங்க எல்லா ஊரு வைக்கலும்தான் வருது."

"என் வைக்கலுக்கு என் புருசனையே காவலுக்கு வைக்கிறான். நீயும் சரின்னுட்டு வந்து உக்காந்து சோறு திங்கிற."

"சத்தம் போடாத. தெருவுல காது இருக்கு. சண்டைக்குப் போன வூட்டு ஆளுக்கு வேலை கிடையாதுன்னு அவங்க சொல்லணுமா என்னா, எனக்கே தெரியாதா? அந்த மூடுன ஆலை வாசல்ல எத்தன நாளு போயி நின்னேன், நீ பாக்கலியா. வாட்ச்மேன்கூட என்ன அடையாளம் தெரியாத மாதிரி போவான். அவனுக்குச் சாரம் கட்டக் கத்துக் குடுத்ததே நான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு வேலையோட சாவுறேன்."

அவள் சட்டியைத் தூக்கித் தரையில் வைத்த சத்தத்தில் மாடுகள் தலை நிமிர்ந்தன.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. வரப்புப் புல் காய்ந்து கருகியது. அம்சம் விடியும் முன்னே அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவாள். அங்கே பத்துப் பேர் ஏற்கெனவே அறுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் போர் போய்விட்டது, எல்லாருக்கும் புல் வேண்டும். ஒருநாள் ஒரு பிடி கோரைப்புல்லுக்காக அவளும் செந்தாமரையும் கரையிலேயே கூந்தலைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் செந்தாமரை சொன்னாள்:

"நம்மளயே ஒருத்திய ஒருத்தி மேய வச்சிட்டானுங்களே அக்கா."

மூன்றில் இரண்டு கலப்பு மாடு, ஒன்று உம்பளாச்சேரி நாட்டு மாடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டும், நாலு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளையும் உள்ளது. உம்பளாச்சேரி எதையாவது கடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். கலப்பு தாங்காது. பால் சுண்டியது. சொசைட்டியில் ஊற்றும் பால் பாத்திரத்தின் அடியில் நின்றது. பெரிய கலப்பு மாடு விலா எலும்பு தெரிய நின்று அவள் வரும் போதெல்லாம் கூப்பிட்டது. கடைசியில் வியாபாரி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போனான். போகமாட்டேன் என்று அது மதகில் நின்றது. வியாபாரி வாலை முறுக்கினான். அம்சம் கையில் வைத்திருந்த புல்லைக் காட்டி அவளே மதகைத் தாண்டிக் கூட்டிப் போய் விட்டு வந்தாள். நம்பி வந்தது அது. அந்தக் காரியத்தைத் தன்னைச் செய்ய வைத்ததற்காகவே அவள் அந்த ஆலையை மன்னிக்கப்போவதில்லை.

சிவசாமிக்கு வேலை வந்தது. நீலச் சட்டை, தொப்பி, கையில் ஒரு விசில். அவன் சட்டையை அவள் துவைக்கவில்லை. அவனே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டான்.

சித்திரை பிறந்து வைக்கோல் பிளாண்டை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மத்தியானம் ஜெகபர் அலி பைக்கில் வந்து அம்சத்தின் வாசலில் நின்றார். முகம் கறுத்திருந்தது. செந்தாமரை தன் வீட்டுக் கூரையில் காயவைத்த வற்றலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பைக்கைப் பார்த்ததும் இறங்கி வந்துவிட்டாள்.

"உப்பு போட்டது யாரு?"

"என்னா உப்பு பாய்?"

"வைக்கல்ல உப்பு. அள்ளி அள்ளிப் போட்டிருக்கீங்க. பிளாண்டுல அதப் போட்டதும் புளிக்கிறது நின்னு போச்சாம். எடுத்துப் பரிசோதிச்சா உப்பு. கோட்டகச்சேரி சரக்கு பூரா ரிஜெக்ட். என் காண்டிராக்டையே தூக்கிட்டாங்க. வேணும்னே கெடுத்திருக்கீங்கன்னு சொல்றாங்க. போலீசுக்குக் குடுப்போங்கிறாங்க. சொல்லுங்க, எதுக்குப் போட்டீங்க?"

அம்சம் அவரைப் பார்த்தாள். பிறகு செந்தாமரையைப் பார்த்தாள். சொல்லிவைத்த மாதிரி இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. அம்சம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்கிறீங்களா? சிரிங்க. என் வூட்ல அடுப்பு எரியல, நீங்க சிரிங்க."

"பாய், கோவப்படாதீங்க. தையில மழை பேஞ்சுதா இல்லியா? நெல்லே நனைஞ்சு போச்சு. ஈர வைக்கல்ல போர் போட்டா உள்ள வெந்து பூசணம் பிடிச்சிடும். அதுக்கு ஒரு அடுக்குப் போட்டா ஒரு கை கல்லுப்பு தூவுவோம். வேதாரண்யத்து உப்பு, மூட்டையா வாங்கிப் பங்கு போட்டுக்குவோம். மாடும் ருசியா திங்கும். இது எங்க ஊர்ல யாரும் செய்யிறதுதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

செந்தாமரை குறுக்கே வந்தாள். "எப்ப சொல்றது? நீங்க திருடிக்கிட்டுப் போறப்ப, பாத்துப் போங்க பாய், உப்பு போட்டிருக்குன்னு சொல்லணுமா? களவாண்டவனுக்குச் சமையல் குறிப்பும் சேத்துக் குடுக்கணுமாக்கும்."

ஜெகபர் அலி பைக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்சம் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள்.

"பாய், ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வயல்ல மிஷின் துப்பிட்டுப் போன வைக்கல்ல உப்பு இருக்குமா? ஆலைக்குப் போற வைக்கல்ல எவளாவது உப்பு போடுவாளா? நாங்க போட்டிருக்கோம்னா அது மாட்டுக்குன்னு போட்டது. எங்களுதுன்னு போட்டது. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, அது எங்க போருன்னு."

அவர் சொன்னார்: "என் வூட்டுக்காரி நஃபீசா அன்னிக்கே கேட்டா. மாட்டுத் தீனியவா அள்ளிட்டு வந்தீங்கன்னு. பொம்பளைக்கு என்னா தெரியும்னு அதட்டிட்டேன்." குரல் இறங்கியிருந்தது. "தண்ணி குடுங்கம்மா."

அம்சம் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் கலந்ததுதான். இருந்த பால் அவ்வளவுதான்.

"ரிஜெக்டான சரக்கு எங்க கிடக்கு?"

"யார்டுக்குப் பின்னால கொட்டி வச்சிருக்காங்க."

"அவங்களுக்கு ஆகாதுல்ல. அப்ப எங்களுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. நீங்களும் வாங்க, கேப்போம்."

மறுநாள் போனார்கள். ஜெகபர் அலி, அம்சம், செந்தாமரை. ஆலையின் அலுவலகத்தில் குளிர்ச்சியாக இருந்தது. சுவர் முழுக்கப் பச்சை இலைப் படம். அம்சம் மரக்கன்று வாங்கும் போட்டோவும் அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. திருமுருகன் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"வாங்கம்மா. உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?"

"டீ வேணாங்க. வைக்கல் வேணும்."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "உங்க மேல எந்த நடவடிக்கையும் வேணாம்னு நான்தான் மேலிடத்துல பேசி வச்சிருக்கேன். அதப் புரிஞ்சுக்கங்க. ஆனா எடை போட்டு உள்ள வந்த பொருளத் திருப்பி வெளிய விட முடியாதும்மா. பாதுகாப்பு விதி."

"ஆகாதுன்னு தள்ளுனதுதானுங்களே."

"தள்ளுனதுக்கும் ஒரு முறை இருக்கு. அத வீணாக்க மாட்டோம். நம்ம பசுமை வளாகத்துல மரக்கன்னுகளுக்கு அடியில பரப்புறோம். மண்ணுல ஈரம் காக்கும். மல்ச்சிங்குன்னு பேரு."

"மரத்துக்குக் கீழ போடுறீங்களா? மாடு திங்கிறத?"

"சுற்றுச்சூழலுக்கு நல்லதும்மா."

ஜெகபர் அலி எழுந்துவிட்டார். "சார், நான் சவூதியில உங்க மாதிரி ஆலையிலதான் கிடந்தேன். அங்க எண்ணெய எடுத்தானுங்க, எண்ணெயின்னு சொன்னானுங்க. ஊருக்கு நல்லது பண்றேன்னு சொல்லல. நீங்க மாட்டு வாயில மண்ணப் போட்டுட்டு அதுக்குப் பச்சைன்னு பேரு வைக்கிறீங்க."

"பாய், நீங்க காண்டிராக்ட் எடுத்தவரு. நீங்களே இப்படிப் பேசலாமா?"

"எடுத்தவன்தான். அந்தப் பாவம் எனக்கு இருக்கு. உங்களுக்கு இல்லியான்னு கேக்குறேன்."

திருமுருகன் மணியை அழுத்தினார். ஓர் ஆள் வந்து மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தான். வெளியே வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். வரிசையாக நட்ட கன்றுகள், அவற்றின் காலடியில் வட்டம் வட்டமாக வைக்கோல். தோட்டக்காரர்கள் உருளையை அவிழ்த்துக் காலால் மிதித்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அம்சத்துக்கு அந்த வைக்கோல் தெரிந்தது. அவள் முறுக்கிய வைக்கோல் பிரி, அவள் தலையில் சுமந்தது, கழுத்தில் சொணை அரித்தது. பெரிய மாட்டுக்கு வைத்திருந்தால் அது இன்னும் கொட்டகையில் நின்றிருக்கும்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அம்சம் மிச்சமிருந்த இரண்டு மாடுகளையும் அவிழ்த்தாள். செந்தாமரை என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளும் தன் மாட்டை அவிழ்த்தாள். தெருவில் அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். கோஷம் இல்லை, பலகை இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் நடந்தார்கள். பார்த்தவர்கள் மேய்ச்சலுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வைக்கோல் யார்டின் கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிவசாமி நின்றான். தூரத்திலேயே பார்த்துவிட்டான். குறுக்குக் கம்பி கீழே இறங்கியிருந்தது. அம்சம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள், அவன் அந்தப் பக்கம்.

"எங்க?"

"மேய்க்கப் போறோம்."

"இது யார்டு."

"தெரியும். உள்ள எங்க வைக்கல் கிடக்கு."

"அம்சு, திரும்பிப் போ. கேமரா இருக்கு மேல. எல்லாம் பாத்துக்கிட்டிருப்பானுங்க."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும். எலும்ப எண்ணட்டும்."

உம்பளாச்சேரி மாடு கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது. உப்பு வாசனை எப்படித்தான் தெரியுமோ, அதற்குத் தெரிந்துவிட்டது. கம்பிக்கு அடியில் தலையை நுழைத்து, எட்டாத வைக்கோலுக்கு நாக்கை நீட்டியது. நாக்கில் ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி நீட்டியது.

சிவசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மாட்டைக் கன்றாக இருக்கும்போது வேதாரண்யம் சந்தையிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். பின்னால் செந்தாமரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அம்சம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அந்த நேரம் ஒரு லாரி வந்தது. வேற்றூர் வைக்கோல் ஏற்றியது. சிவசாமி அதற்காகக் கம்பியைத் தூக்கினான். லாரி உள்ளே போனது. கம்பியை இறக்க வேண்டும். அவன் இறக்கவில்லை.

"நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றான், யாரிடமென்று இல்லாமல். தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தான். விசிலை அதற்குள் போட்டான். ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போய் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மாடுகள் உள்ளே போயின. யாரும் ஓட்டவில்லை. தாமாகவே போயின. யார்டை ஒட்டியிருந்த பசுமை வளாகத்து மரக்கன்றுகளின் காலடியில் வரிசையாகத் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தன. ஆலை ஆட்கள் ஓடி வந்தார்கள், விரட்டினார்கள், தடியால் அடித்தார்கள். அடி விழ விழத் தின்றன. பசித்த மாடு அப்படித்தான். பெண்கள் உள்ளே இறங்கி அவிழாத உருளைகளை உருட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். ஜெகபர் அலியின் டிராக்டர் அங்கே நின்றது. அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பாதி களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போலீஸ் ஜீப் வந்த பிறகு மீதி நின்றுபோனது.

சிவசாமிக்கு அன்றோடு வேலை போனது. அத்துமீறி நுழைந்தது, பசுமை வளாகத்தைச் சேதப்படுத்தியது என்று பெண்கள் மேல் வழக்கு. மரக்கன்றுகளைக் கடித்ததற்கு மாடுகளின் பேரில் வழக்குப் போட முடியாததால் அதையும் அம்சத்தின் பேரிலேயே போட்டார்கள். டிராக்டர் இன்னும் ஸ்டேஷனில் நிற்கிறது. ஆலையின் அலுவலகச் சுவரில் அவள் போட்டோவை எடுத்துவிட்டார்களாம். அந்த ஒன்றில் அவளுக்குச் சந்தோஷம்.

அன்று ராத்திரி சிவசாமி யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று துவைத்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து அம்சம் அதைப் பிடுங்கினாள்.

"தா. நீ துவைச்சா காலர்ல அழுக்கு போவாது."

வந்த வைக்கோல் ஆடி வரைக்கும் தாங்கியது. பெரிய மாடு போனது போனதுதான். இப்போது அடுத்த சம்பா நட்டாகிவிட்டது, இதே பெண்கள்தான் நட்டார்கள். கூலியை ஏற்றிக் கேட்டார்கள். தஞ்சாவூர்க்காரர், வழக்கமாகக் குறைத்துத்தானே வாங்குவீர்கள் என்றார். வழக்கத்தில் பாதி அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தையில் அறுப்பு மிஷின் இறங்கும், அதன் பின்னாலேயே வைக்கோல் கட்டும் மிஷினும் இறங்கும், இந்தமுறை வேறு காண்டிராக்டர், வேறு மிஷின். இந்தத் தடவை போர் போடுகிற வரைக்கும் காத்திருக்கமாட்டோம், வயலில் விழுந்த வைக்கோலிலேயே உப்பைத் தூவிவிடுவோம் என்கிறாள் செந்தாமரை. உப்பு மூட்டைக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது. அப்படிச் செய்தால் மறுபடியும் வழக்கு என்று ஆலையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வக்கீல், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். எழுத்தில் இல்லை. அம்சம் அவரிடம், வேறு ஊர்களிலும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் போதுமா என்று கேட்டிருக்கிறாள். இருந்தால் கொண்டுவாங்க, பார்ப்போம் என்றிருக்கிறார்.

அதனால்தான் அம்சத்துக்காக நான் இதை இவ்வளவு நீளமாக எழுதியது. படித்தவர்கள் சும்மா போகாதீர்கள். உங்கள் ஊரில் மிஷின் அறுத்த வயலின் வைக்கோல் யாருக்குப் போகிறது? நட்டவர்களுக்குப் போகிற ஊர் எது, அதை யார் பேசி முடித்தார்கள், உங்களிடமும் ஆலைக்காரர்கள் வந்தார்களா, வந்தபோது என்ன செய்தீர்கள்? ஊர்ப் பேரோடு கீழே எழுதுங்கள். தைக்கு முன்னால் எழுதுங்கள்.